1394-ஐ யார் இழுத்தது?

"அதைக் கண்டுக்காதீங்க, அது பாட்டுக்கு இருக்கும்" என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலையில் எலெக்ட்ரீஷியனாகக் காலத்தை ஓட்டியவன் நான். அங்கே பேனலில் ஒரு லைன் உயிரோடு இருக்கிறது, அது எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியவில்லை என்றால், அதைக் கண்டுகொள்ளாமல் விட்டவனை அடுத்த ஷிப்டில் ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போவார்கள். எந்த லைனில் உயிர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதன் பின்னாலேயே போய் அது எங்கே முடிகிறது என்று பார்க்க வேண்டும். தெரியவில்லையா, ஃப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். வேலை முடிகிறவரை அது பையிலேயே இருக்க வேண்டும். எங்களுக்குத் தெரிந்த வேதம் இவ்வளவுதான்.

வீட்டுக் கம்ப்யூட்டரிடமும் இந்தப் புத்தியோடுதான் போனேன். பக்கத்து வீட்டுப் பெண்ணின் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது. தப்பு என்னுடையது என்று எல்லோரும் சொல்கிறார்கள். கம்ப்யூட்டருக்குள் இணைப்புப் பட்டியலை எழுதிவைத்த கம்பெனிக்காரன் தப்பு என்று நான் சொல்கிறேன். படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ. ஆலை ஆபீசில் பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துக் கட்டினார்கள். மகன் படிப்பான் என்று ஒன்றை வாங்கி வந்தேன். அவன் ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். பெட்டி முன்னறையில் இருந்தது. என் மனைவி அதற்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டாள். எங்கள் தெருவில் பிராட்பேண்ட் வந்த முதல் வீடு எங்களுடையது. அதில் எங்கள் இரண்டு பேருக்கும் என்ன வேலை என்று கேட்காதீர்கள். அவள் சீட்டாட்டம் ஆடுவாள். நான் பில் கட்டுவேன்.

பக்கத்து வீட்டில் ஒரு பாய். பூர்வீகம் பழவேற்காடு. பஜாரில் கயிறு, ஆணி, பெயின்ட் விற்கும் கடை. அவருக்கு ஒரே பெண். யூனிட் வண்டி என்கிற புறநகர் ரயிலில் தினம் சென்னைக்குப் போய்க் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்து முடித்தவள். பழவேற்காட்டிலேயே அவளுக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். பையன் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். போட்டோ மாறி, பேச்சு முடிந்து, எல்லோருக்கும் சம்மதம். பெண் மட்டும் இன்னும் சரி சொல்லவில்லை. "அவரை நான் ஒரு கேள்வி கேக்கணும். மூஞ்சியப் பாத்துகினு கேக்கணும். அப்புறம் சொல்றேன்" என்றாளாம். என்ன கேள்வி என்று என் மனைவிக்கு மட்டும் சொல்லியிருந்தாள். கட்டிக்கொண்ட பிறகு அவன் அவளை ஷார்ஜாவுக்குக் கூட்டிப்போவானா, இல்லை பழவேற்காட்டில் அவன் அம்மாவோடு விட்டுவிட்டுப் போய்விடுவானா? நடுவில் ஆள் வைத்துக் கேட்டால் எல்லோரும் இனிப்பாகத்தான் பதில் சொல்வார்கள். மூஞ்சி பொய் சொல்லாது என்பது அவள் கணக்கு.

மாப்பிள்ளை நிக்காஹுக்குத்தான் லீவில் வருவான். அதனால் கம்ப்யூட்டர். பஜாரில் பிரவுசிங் சென்டர் இருந்தது. ஆனால் திரை போட்ட அந்தப் பொந்துகளில் பாய் தன் மகளை உட்காரவைக்க மாட்டார். நேராக என் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, ஒன் ஊட்டு மிஷின்ல மூஞ்சி பாத்து பேசலாமாமே?"

"பேசலாம் பாய். மேல ஒரு கேமரா மாட்டணும், அவ்ளோதான்."

"எம் பொண்ணு மூஞ்சி அந்தப் புள்ள ஒருத்தனுக்குதான் தெரியணும். நடுவுல வேற எவனும் பூந்து பாக்கக் கூடாது. அவங்க ஊட்லயும் இதே கண்டிசன் சொல்லிட்டேன். அங்க அவன் ஒருத்தன்தான் பாக்கணும்."

"பாய், என் ஊட்டு லைன்ல எனக்குத் தெரியாம ஒரு ஈ பூராது. நான் கேரண்டி."

என் மனைவி உள்ளேயிருந்து, "மிக்சிக்கு ஒயர் மாட்டித் தர ஆறு மாசமாச்சு. இவரு கேரண்டியாம்" என்றாள்.

அந்தக் கேரண்டிதான் வினை. வெள்ளிக்கிழமை ஷார்ஜாவில் லீவு, அன்று சாயங்காலம் பேசுவதாக ஏற்பாடு. முந்தின நாள், சொன்ன சொல்லுக்காக லைனைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். மகனுக்குப் போன் போட்டு, எந்தெந்த இணைப்பு இருக்கிறது என்று எங்கே பார்ப்பது என்று கேட்டேன். சொன்னான். திறந்தேன்.

ஒரு இணைப்பு இருக்கும் என்று நினைத்தேன். நான்கு இருந்தன.

முதலாவது, லோக்கல் ஏரியா கனெக்‌ஷன். 'கனெக்டட்' என்று போட்டிருந்தது. அது நம் மோடம். சரி. அடுத்தது அதே பெயரில் இரண்டாம் நம்பர். அதன்மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி, கேபிள் செருகவில்லை என்று எழுதியிருந்தது. மூன்றாவது டயல்-அப். மங்கலாகக் கிடந்தது. செத்தது என்று எனக்கே தெரிந்தது. நான்காவதுதான் வில்லங்கம். '1394 கனெக்‌ஷன்'. அதன் பக்கத்தில், 'கனெக்டட்'.

எதனோடு கனெக்டட்? யாரோடு கனெக்டட்? நான் செருகின ஒயர் ஒன்று. உயிரோடு இருக்கிற லைன் இரண்டு. ஆலையில் இப்படி ஒரு பேனலைப் பார்த்தால் நான் கதவைச் சாத்திவிட்டுச் சங்கு ஊதச் சொல்வேன்.

பஜாரில் கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் ஓடினேன். அவர் ஏதோ கீபோர்டில் தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

"1394-ஆ? அது எல்லா மிஷின்லயும் கீது. கண்டுக்காதீங்க."

"உயிரோட கீதுய்யா அது!"

"இருந்துட்டுப் போவட்டும். இன்னா, சோறா கேக்குது?"

எனக்கு வந்த கோபத்தில் அவர் கடைப் பிளக் பாயின்ட் தொங்கிக்கொண்டிருப்பதைப் பற்றி நான்கு வார்த்தை திட்டிவிட்டு வந்தேன். அது இப்போதும் தொங்கிக்கொண்டுதான் இருக்கும்.

பாயிடம் மறைக்க முடியாது. கேரண்டி கொடுத்தவன். கூட்டிவந்து காட்டினேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரையில் மூக்கு இடிக்கிற மாதிரிப் பார்த்தார்.

"1394. ஹிஜ்ரி கணக்குல பாத்தா நான் மீச வெச்ச வருசம் தம்பி."

"பாய், மீசய வுடுங்க. எவனோ கொக்கி போட்டுகிறான்."

கொக்கி என்றால் எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். எளாவூர் வரைக்கும் ரோட்டோர லைன்களில் கொக்கி போட்டுத் திருட்டுக் கரண்டில் விளக்கு எரித்ததை எல்லோரும் பார்த்தவர்கள்தான். பாயின் முகம் வெளுத்துவிட்டது.

"அப்ப எம் பொண்ணு மூஞ்சி..."

"நாளைக்கு வேணாம் பாய். நான் புடிச்சிட்டு சொல்றேன்."

மாப்பிள்ளை வீட்டுக்கு, மிஷின் ரிப்பேர் என்று சொல்லியனுப்பினார். பெண்ணுக்கும் அதையே சொன்னார்.

நான் வேட்டையைத் தொடங்கினேன். டெஸ்டரை எடுத்து, பெட்டிக்குப் பின்னால் தெரிந்த ஓட்டைகளிலெல்லாம் வைத்துப் பார்த்தேன். ஒன்றிலும் விளக்கு எரியவில்லை. அப்போது ஒரு யோசனை வந்தது. பட்டியலில் இணைப்பு நான்கு. வீட்டுக்குள் வருகிற ஒயர் எத்தனை? மாடிக்கு ஏறினேன். கரண்ட் ஒயர் ஒன்று. டெலிபோன் ஒயர் ஒன்று. கேபிள் டிவி ஒயர் ஒன்று. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், நான் இழுக்காத, எனக்கு யாரும் சொல்லாத, கறுப்பாக, தடியாக நான்காவது ஒன்று. பின்தெருக் கம்பத்திலிருந்து வந்து, என் கைப்பிடிச் சுவரில் ஆணியடித்து வளைத்து, முன்தெருக் கம்பத்துக்குப் போயிருந்தது.

நாலுக்கு நாலு. கணக்கு சரியாக வந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? வெட்டினேன்.

வெட்டிய துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு வீரனைப் போலக் கீழே வந்து கம்ப்யூட்டரைப் பார்த்தேன். 1394, கனெக்டட்.

வாசலில் சத்தம் கேட்டது. சீரியல் நேரம். பின்தெருப் பெண்கள் மொத்தமும் எங்கள் வாசலில். நான் வெட்டியது கேபிள்காரர் பின்தெருவுக்கு இழுத்திருந்த மெயின் ஒயர். ஒருத்தி கரண்டியோடு வந்திருந்தாள்.

"யார் அறுத்தது? அந்தப் பொண்ணு விசத்த குடிச்சிச்சா இல்லியான்னே தெரியாம நிக்கிறோம்!"

கேபிள்காரர் மொபெட்டில் பறந்து வந்தார். "இன்னாண்ணே, ஒயர்மேன் நீயே ஒயர் அறுக்கறியே, நல்லாவா கீது இது?"

"என் சொவுத்துல என்னக் கேக்காம எவன்டா ஆணியடிக்கச் சொன்னது?"

"ஒங்க ஊட்டம்மாதான் சொன்னாங்க. வருசத்துக்கு ஒரு மாசம் ஃப்ரீ குடுக்கறேன்னு பேசிகினோம்."

திரும்பிப் பார்த்தேன். என் மனைவி சமையலறைக்குப் போய்விட்டாள்.

அடுத்த வெள்ளியும் போயிற்று. மறுபடியும் மிஷின் ரிப்பேர். நான் பெட்டியைத் திறந்து, எனக்குப் பிடிக்காத ஒயரையெல்லாம் பிடுங்கிப் பார்த்து, எது எங்கே என்று தெரியாமல் மறுபடி செருகி, வேர்த்து விறுவிறுத்துக் கிடந்தேன். 1394 மட்டும் அசையவில்லை. ஆலையில் எத்தனையோ லைனைப் பிடித்திருக்கிறேன். ஒயரே இல்லாமல் உயிரோடு இருந்த லைனை நான் அதுவரை பார்த்ததில்லை.

அதற்குள் பழவேற்காட்டிலிருந்து மாப்பிள்ளையின் தாயார் சொல்லியனுப்பிவிட்டார். "வாரா வாரம் மிஷின் ரிப்பேருன்றாங்க. புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லட்டும். எம் புள்ளைக்குப் பொண்ணா கெடைக்காது?" வரும் வெள்ளி பேசாவிட்டால் வேறு இடம் பார்ப்பார்களாம். பாய் என் வாசலில் வந்து நின்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், மனசு லேசாகியிருக்கும். "இன்னா தம்பி பண்றது? பேஜாரா கீது" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் அவர் பெண் என் மனைவியிடம் ஏதோ பாத்திரம் கொடுக்க வந்தாள். நான் முன்னறையில் பெட்டியைக் குடல் உருவிப் போட்டு உட்கார்ந்திருந்தேன். திரையில் அந்தப் பட்டியல். வாசற்படியிலேயே நின்று பார்த்தாள்.

"இன்னா மாமா தேடறீங்க?"

"ஒனக்கு எதுக்கும்மா? ஒன் விசயமாதான். இந்த 1394-ல எவனோ தொங்கிகினு கீறான்."

அவள் பாத்திரத்தைப் படியிலேயே வைத்தாள். பிறகு, "இதுக்குதான் ரெண்டு வாரமா மிஷின் ரிப்பேரா?" என்றாள்.

"ஆமா."

"ரிப்பேருன்னு வாப்பா சொன்னது சாக்கு, அவங்க ஊட்லதான் தட்டிக் கழிக்கிறாங்கன்னு நெனச்சேன். நான் கேள்வி கேக்கணும்னு சொன்னது புடிக்கலபோலன்னு... வாப்பாகிட்ட நானே வேணாம்னு சொல்லிடலாம்னு இருந்தேன் மாமா."

இதைச் சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திருப்பினாள். பின்புறம் ஒரு சின்ன ஓட்டையைக் காட்டினாள். சிலந்தி அதில் கூடு கட்டிக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. நான் டெஸ்டர் வைத்தபோதுகூட அது நகரவில்லை போலிருக்கிறது.

"இதான் உங்க 1394. வீடியோ கேமரா ஒயர் செருகற ஓட்ட. இது வழியா ரெண்டு கம்ப்யூட்டரயும் சேக்கலாம். அதனால இதையும் ஒரு இணைப்புன்னு பட்டியல்ல சேத்து வெச்சிருக்காங்க. ஒயரே செருகலனாலும் கனெக்டட்னுதான் காட்டும். வாசக் கதவு இருந்தா ஆளு வந்துட்டான்னா அர்த்தம்?"

"அப்ப இந்த ரெண்டாம் நம்பரு?"

"ஆபீஸ்ல ரெண்டாவது கார்டு போட்டிருக்காங்க. அதுல கேபிள் இல்ல. டயல்-அப்பு அவங்க பழைய போன் கணக்கு. எல்லாம் சொம்மா கெடக்குது மாமா. மோடத்துல வர்ற ஒண்ணுதான் நெஜமான ரோடு."

"சொம்மா கெடக்கறதுக்கு எதுக்கும்மா கனெக்டட்னு போடணும்?"

"அப்படி எழுதினவன் தப்புதான்."

கண்டுக்காதீங்க என்று சொல்லாமல் தப்பு என்று சொன்ன முதல் ஆள் அவள்தான். எனக்குப் பாதி கோபம் அங்கேயே இறங்கிவிட்டது. மீதி கோபத்தில், "இத்த நீ முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றேன்.

"என்ன யாரு கேட்டீங்க?" என்றாள். கம்ப்யூட்டர் படிப்புக்கு மூன்று வருடம் ரயில் சீசன் டிக்கெட் எடுத்துக்கொடுத்த பாயும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவள் விஷயம் என்பதால் அவளிடம் சொல்லக் கூடாது என்று நாங்கள் இரண்டு ஆண்பிள்ளைகளும் பேசாமலே முடிவு செய்திருந்தோம்.

பிறகு அந்த 1394-இன்மேல் வலதுபக்கப் பட்டனை அழுத்தி, டிசேபிள் என்றிருந்ததைத் தொட்டாள். அது மங்கிப்போயிற்று. மற்ற இரண்டில் இரண்டாம் நம்பரையும் அதேபோல் அணைத்தாள். டயல்-அப்பை அழித்தே போட்டாள். "இதான் மாமா ஃப்யூஸ் புடுங்கறது. போதுமா?" பையில் போட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை என்பது மட்டும் எனக்குக் குறையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. அவள் கம்ப்யூட்டர் முன்னால் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். பின்னால் சுவர் மட்டும் தெரிகிற மாதிரிக் கேமரா. என் மனைவி கேமராவில் விழாமல் மூலையில் துணைக்கு. பாய் வாசலில் நாற்காலி போட்டு, யாரும் வராமல் காவல். நான் வாசல் மெயின் போர்டுக்குப் பக்கத்தில், கையை மெயின் சுவிட்சின்மேல் வைத்துக்கொண்டு. ஏதாவது ஏடாகூடம் என்றால் ஒரே இழு. யு.பி.எஸ். பேட்டரி செத்துப் பல மாதமாகிறது, அதனால் பெட்டியும் அந்த நொடியே அணைந்துவிடும். இது என் சொந்த ஏற்பாடு. பாய்க்கு இதுதான் மிகவும் பிடித்திருந்தது.

ஸ்பீக்கரில் சலாம் கேட்டது. பையன் குரல் நடுங்கியது. பெண்ணின் குரல் நடுங்கவில்லை.

"ரூம்ல எத்தினி பேரு கீறீங்க?"

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு, "ஆறு பேர்" என்றான்.

பாய் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "இழு தம்பி, இழு!"

"இழுத்தே, சோறு கெடையாது!" என்று உள்ளேயிருந்து என் மனைவி கத்தினாள். நான் கையை எடுக்கவும் இல்லை, இழுக்கவும் இல்லை.

"பொய் சொல்லக் கூடாதுன்னுதான் சொல்றேன்" என்றது ஸ்பீக்கர். "ஒரே ரூமு. வெளிய வெயில் கொளுத்துது, எங்க அனுப்பறது? எல்லாரையும் செவுத்தப் பாத்து உக்கார வெச்சிருக்கேன். நீங்களே பாருங்க."

பாய் உள்ளே பாய்ந்தார். மகளைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தார். ஜன்னல் வழியாக நானும் பார்த்தேன். நடுவில் சட்டைப் பட்டனைக் கழுத்துவரை போட்ட ஒரு பையன். அவனுக்குப் பின்னால் வரிசையாக ஐந்து முதுகு. பனியனும் கைலியும். ஒருத்தன் சுவரைப் பார்த்தபடியே டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அந்தக் கோடியில கீறவன் தல ஆடுது!" என்றார் பாய்.

"மெல்றான் மாமா" என்றான் பையன்.

பாய் என்னைப் பார்த்தார். முதுகைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று அவருக்குப் புரியவில்லை. எனக்கு மட்டும் புரிந்ததா? எங்கள் பக்கம் சிலந்திக்கூடு வரைக்கும் பார்த்தோமே, அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று யோசித்தோமா? கடைசியில் பெண்தான், "வாப்பா, நீங்க வெளிய போங்க. எவனாச்சும் திரும்பினா நான் பாத்துக்கறேன்" என்றாள். அவர் போகிறபோது அவள் சிரித்த சத்தம் கேட்டது. இந்த வாரங்களில் அவள் சிரித்து நான் கேட்கவில்லை.

கேள்வியைக் கேட்டாள். சுற்றிவளைக்காமல் கேட்டாள்.

பையன் மூச்சு விடுகிற சத்தம் ஸ்பீக்கரில் வந்தது. "இப்ப கூட்டிகினு வர முடியாது. எனக்கு ஃபேமிலி விசா குடுக்கற சம்பளம் இல்ல. ரெண்டு வருசம் ஆவலாம். மேலயும் ஆவலாம். கூட்டிகினு போறேன்னு சொல்லச் சொல்லி உம்மா சொன்னாங்க. எனக்கு வாய் வரல."

"அந்த ரெண்டு வருசம் நான் எங்க ஊட்லதான் இருப்பேன். வேலைக்கும் போவேன். உங்களுக்குச் சரியா?"

"எனக்குச் சரி."

"உங்க உம்மாவுக்கு?"

முதுகுகளில் ஒன்று, "சொல்லேன்டா, கழுத்து வலிக்குது" என்றது.

"இப்பவே போன் போட்டு அவங்ககிட்ட சொல்லுங்க. நான் பாத்துகினு கீறேன்" என்றாள் பெண்.

போட்டான். ஒருபக்கப் பேச்சுதான் எங்களுக்குக் கேட்டது. "உம்மா... ஆமா, பாத்துட்டேன்... புடிச்சிருக்கு... இல்ல உம்மா, அவங்க ஊட்லதான்... வேலைக்கும்... கத்தாதீங்க உம்மா... நான்தான் சரின்னேன்... நானாத்தான்..."

கரண்ட் போயிற்று.

ஃபேன் நின்றது, திரை அணைந்தது, ஸ்பீக்கர் செத்தது. பிறகு என் மனைவி, "யோவ்! பாவி மனுசா, இழுத்துட்டியா!" பாய் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஏன் தம்பி? நான் சொல்லவே இல்லியே!" பெண் வெளியே ஓடிவந்தாள். என் கை மெயின் சுவிட்சின்மேல்தான் இருந்தது. எடுக்க மறந்துவிட்டேன்.

"நான் தொடல! தெரு மொத்தமும் போயிருக்கு, பாருங்க!" என்று கத்தினேன். யாரும் தெருவைப் பார்க்கவில்லை. எல்லோரும் என் கையைத்தான் பார்த்தார்கள்.

அப்போது டெலிபோன் அடித்தது. அதற்குக் கரண்ட் வேண்டாம். என் மனைவி எடுத்தாள். கேட்டாள். கண்ணை அகல விரித்து, வாயால் சத்தமில்லாமல் 'பழவேற்காடு' என்றாள். பாய் கையை நீட்டினார். மனைவி தலையாட்டிவிட்டு ரிசீவரைப் பெண்ணிடம் கொடுத்தாள். "ஒன்கிட்டதான் பேசணுமாம்."

பெண் வெகு நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் கத்துவது எங்களுக்கே இரைச்சலாகக் கேட்டது. "சரி மாமி" என்றாள். மறுபடி, "சரி மாமி." பிறகு, "இல்ல மாமி, வேலைக்குச் சேந்துட்டா வெள்ளிக்கிழம லீவு கெடையாது. வாரா வாரம் ஞாயித்துக்கிழம உங்ககிட்ட வந்துடறேன். காலைலயே வந்துடறேன்." அந்தப் பக்கம் இரைச்சல் நின்றது. பாய் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். பிறகு ரிசீவரில் மெதுவாக ஏதோ ஒரு வார்த்தை. பெண் போனை வைத்தாள்.

"வாப்பா, தேதி பாருங்க" என்றாள்.

பாய் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். என் மனைவி சர்க்கரை எடுக்க உள்ளே ஓடினாள். நான் அந்த இருட்டில், எதிர்வீட்டு ஜன்னலைக் காட்டி, அங்கேயும் விளக்கு இல்லை பாருங்கள், பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒருத்தரும் திரும்பவில்லை. அந்தக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்தபோதுகூட, "இவர்தான் பாதிப் பேச்சுல மெயினப் புடுங்கினவரு" என்றுதான் என்னை மாப்பிள்ளைக்கு அறிமுகம் செய்தார்கள்.

நான் தொடவில்லை.